23, 27, 35: முதல் சிறிய பிரைம் லென்ஸ் எதுவாக இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்-டி30 கேமராவும் 18-55 ஜூம் லென்ஸும் இருக்கின்றன. வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள். ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பத்துடன் ரயிலில் வெளியூர் போகிறீர்கள். கையில் எடுத்துப் போகச் சோம்பலாக இருப்பதால் கேமரா பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. எனவே சிறிய பிரைம் லென்ஸ் ஒன்று, அதாவது ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ் ஒன்று வாங்க விரும்புகிறீர்கள். 23 மி.மீ. எஃப் 2, 27 மி.மீ. எஃப் 2.8, 35 மி.மீ. எஃப் 2 ஆகிய மூன்றில் எதை வாங்குவது, எஃப் 1.4 லென்ஸ் தேவைப்படுமா, பிரைம் வந்தபின் ஜூமை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (மி.மீ. எண் லென்ஸின் குவியத் தூரம்; அது கூடக் கூடப் படத்தில் வரும் காட்சி குறுகும். எஃப் எண் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு; அது குறையக் குறைய அதிக வெளிச்சம் வரும்.)

நீங்கள் சொன்ன சூழலுக்கு 23 மி.மீ. எஃப் 2 லென்ஸையே முதலில் வாங்கச் சொல்வேன். காரணம் கூர்மையோ நிறமோ அல்ல. இந்த மூன்று லென்ஸ்களின் கூர்மையும், சுவரில் மாட்டும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக அச்சிட்டாலும் குறை சொல்ல முடியாத அளவுக்கு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் படமெடுக்கும் மனிதர்களிடமிருந்து வழக்கமாக எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதே பிரைம் லென்ஸ் தேர்வில் முதன்மையானது என்பது பல ஆண்டுகளாக இந்தச் சிறு லென்ஸ்களைப் பயன்படுத்திவரும் என் உறுதியான கருத்து. ஜூமில் நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருப்பிச் சமாளித்துவிடலாம். பிரைமில் தூரத்தை நம் கால்கள்தான் சரிசெய்ய வேண்டும். கால்கள் நகர இடமில்லாத இடத்துக்குப் பொருந்தாத லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் பயன்படாது.

இதை ஊகத்துக்கு விடாமல் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் கேமராவில் படம் பதியும் சில்லான சென்சார் 23.5 மி.மீ. நீளம் கொண்டது. எதிரில் இருக்கும் காட்சியில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்பதை அறிய, தூரத்தை 23.5-ஆல் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் போதும். இதனால் 23 மி.மீ. லென்ஸுக்கு மனத்தில் வைத்துக்கொள்ள மிக எளிதான ஒரு கணக்கு கிடைக்கிறது: நிற்கும் தூரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் வரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்றால் மூன்று மீட்டர். 35 மி.மீ. லென்ஸில் இது மூன்றில் இரண்டு பங்காகவும், 50 மி.மீ. லென்ஸில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவும் சுருங்கிவிடும்.

இப்போது இந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் முதுகு சுவரில் முட்டும் வரை பின்வாங்கி நின்றாலும், எதிரில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டரை மீட்டர்தான் கிடைக்கும். அந்தத் தூரத்தில் 23 மி.மீ. லென்ஸ் இரண்டரை மீட்டர் அகலத்தையும், 27 மி.மீ. சுமார் 2.2 மீட்டரையும், 35 மி.மீ. 1.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் காட்டும். பாட்டி ஒரு பக்கம் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பேத்தி மறுபக்கம் பாத்திரங்களைப் பரப்பிக்கொண்டு விளையாடுகிறாள். இடையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த தரை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் படம். 23 மி.மீ. லென்ஸில் மூன்றும் அடங்கி ஓரத்தில் கொஞ்சம் இடமும் மிஞ்சும். 35-இல் பாட்டியா பேத்தியா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒருவரை மட்டும் எடுத்த படமும் அழகாகவே இருக்கும். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் மகள் அந்தப் படத்தில் தன் முகத்தை மட்டுமல்லாமல் அந்த வீட்டையும், அதிலிருந்த மனிதர்களையும், அந்த முறத்தையும் தேடுவாள் என்று நினைக்கிறேன்.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உங்கள் 18-55 ஜூமே இதற்கான சோதனைக் கருவி. கடந்த ஓராண்டில் எடுத்த படங்களின் விவரக் குறிப்பில் ஒவ்வொன்றுக்கும் பயன்படுத்திய குவியத் தூரம் பதிவாகியிருக்கும். அதைப் பார்க்கச் சொல்லிப் பலரும் அறிவுறுத்துவார்கள். அது நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பினால் தவறாகிவிடும். ஜூம் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் வளையத்தை ஏதாவது ஒரு எல்லைக்குத் தள்ளிவிட்டே எடுப்பதால், 18-இலும் 55-இலும் படங்கள் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்து உங்களுக்கு 18-தான் பிடித்தது என்று முடிவு கட்டினால், அது உங்கள் விருப்பத்தை அல்ல, வளையம் எங்கே நின்றது என்பதைத்தான் சொல்லும். அதைவிட நல்ல வழி, காகித ஒட்டுநாடாவால் வளையத்தை 23-இல் ஒட்டிவிட்டு ஒரு வாரம், பிறகு 35-இல் ஒட்டிவிட்டு ஒரு வாரம் வீட்டிலும் தெருவிலும் படமெடுப்பது. எந்த வாரத்தில் பின்னால் நகர இடமில்லாமல் தவித்தீர்கள், எந்த வாரத்தில் இன்னும் நெருங்கிப் போகத் தயங்கினீர்கள் என்று பாருங்கள். இந்த இரண்டில் எது உங்களுக்கு அதிகம் நேர்ந்ததோ அதுவே விடை. அறிமுகமில்லாதவர்களை நெருங்கக் கூச்சப்படுபவருக்கு 23 மி.மீ. தெருவில் கடினமான லென்ஸ். அவருடைய படங்களில் ஆட்கள் சிறியவர்களாகவும் வெற்றுத் தார்ச்சாலை பெரிதாகவும் இருக்கும். அப்படிப்பட்டவர் 35-ஐ வாங்குவதே முறை.

அடுத்து 27 மி.மீ. லென்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் உண்மையான குறை எடையும் பருமனும்தான். 18-55 லென்ஸ் 310 கிராம் எடையும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. 23 எஃப் 2 லென்ஸ் 180 கிராம், 52 மி.மீ.; 35 எஃப் 2 லென்ஸ் 170 கிராம், 46 மி.மீ. ஆனால் 2021-இல் வந்த புதிய 27 எஃப் 2.8 வெறும் 84 கிராம். நீளம் 23 மி.மீ. மட்டுமே. இதைத்தான் பான்கேக் லென்ஸ் என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு தடித்த ஊத்தப்பம். கேமரா உடலையும் சேர்த்து நிறுத்தால் 467 கிராம்தான் வரும். இந்த நிலையில்தான் கேமரா தனிப்பை தேவையில்லாத பொருளாகிறது. அலுவலகப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடும். மற்ற இரண்டு லென்ஸ்களும் சிறியவைதான் என்றாலும், அவற்றை மாட்டிய கேமரா பைக்குள் ஒரு முழங்கையைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவு மெல்லிய லென்ஸ் எப்படிச் சாத்தியமாகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் வரம்புகளும் புரியும். காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் ஆடி (மிரர்) உள்ள பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே நிறைய இடைவெளி இருக்கும், கேனன் இ.எஃப். அமைப்பில் அது 44 மி.மீ. குவியத் தூரம் இந்த இடைவெளியை ஒட்டி இருந்தால் சில கண்ணாடிகளால் எளிய லென்ஸைக் கட்டிவிடலாம். 2012-இல் வந்த கேனன் 40 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 130 கிராமில் அவ்வளவு மெல்லியதாக அமைந்தது இதனால்தான். அதைவிட அகலமான லென்ஸ் வேண்டுமென்றால் ஒளியைச் சுற்றி வளைத்துக் கொண்டுவரக் கூடுதல் கண்ணாடிகள் தேவைப்பட்டன, லென்ஸும் பெருத்தது. உங்களுடையதைப் போன்ற மிரர்லெஸ் கேமராவில் அந்த ஆடியே இல்லை. ஃப்யூஜி எக்ஸ் அமைப்பில் இடைவெளி 17.7 மி.மீ.தான். எனவே 27 மி.மீ. லென்ஸையும் மெல்லியதாகச் செய்ய முடிகிறது. எளிய அமைப்பில் கூர்மையான படம் கிடைப்பது புதிதும் அல்ல. 1902-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் லென்ஸில் நான்கே கண்ணாடிகள்தாம் இருந்தன.

மெலிவுக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 23, 35 ஆகியவற்றில் உள்ளே இருக்கும் சிறிய கண்ணாடிகள் மட்டும் நகர்ந்து ஃபோகஸ் செய்கின்றன. அதனால் வேகமும் அமைதியும் கிடைக்கின்றன. 27-இல் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னும் பின்னும் நகர வேண்டியிருப்பதால் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். ஓடும் குழந்தையைப் பின்தொடர்வதில் அது ஒரு படி பின்தங்கும். துளையும் எஃப் 2.8 என்பதால் மற்ற இரண்டைவிடப் பாதி வெளிச்சமே உள்ளே வரும். மாலையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டு வயதுக் குழந்தையை எடுப்பதே உங்கள் முதல் தேவை என்பதால்தான் இதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். தனியாக ஊர் சுற்றுபவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் தயங்காமல் 27-ஐச் சொல்லியிருப்பேன். சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; அதற்கு நெருக்கமான குவியத் தூரத்தையே இயல்பான பார்வைக்குரியது என்று மரபாகக் கொள்கிறார்கள். அந்த வகையில் 27, அகலமும் இல்லாமல் குறுகலும் இல்லாமல் நடுவில் நிற்கிறது. இந்த லென்ஸின் 2013-ஆம் ஆண்டுப் பழைய வடிவம் பயன்படுத்திய பொருளாகக் கிடைக்கும்; அதில் துளையை மாற்றும் வளையம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

35 மி.மீ. லென்ஸ் உங்கள் கேமராவில் பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸைப் போன்ற பார்வையைத் தரும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தம் வாழ்நாள் படங்களில் பெரும்பாலானவற்றை லைக்கா கேமராவில் 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே எடுத்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் பதிவு செய்தவரும் அவர்தான். ஒரே லென்ஸில் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டியதில்லை. 35-ஐ வாங்குவதானால் உங்களுக்கு ஒரு யோசனை: இதுவரை பேசிய, ஃப்யூஜியின் எக்ஸ்.எஃப். வரிசையைச் சேர்ந்த 35-ஐ விட்டுவிட்டு, 2020-இல் அதன் எளிய வரிசையில் வந்த எக்ஸ்.சி. 35 மி.மீ. எஃப் 2 லென்ஸைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. எக்ஸ்.சி.யில் துளை வளையம் இல்லை, மாட்டும் பகுதி பிளாஸ்டிக், மழைத்துளி புகாத காப்பு இல்லை. அதற்கு ஈடாக எடை 130 கிராமாகவும் விலை வெகுவாகவும் குறைகிறது. எக்ஸ்-டி30 உடலுக்கே மழைக்காப்பு கிடையாது என்பதால், லென்ஸுக்கு மட்டும் அதற்காகப் பணம் கொடுப்பதில் பெரிய பயனில்லை.

எஃப் 1.4 லென்ஸ் தேவையா என்ற கேள்விக்கு என் பதில், தேவையில்லை என்பதே. 2021-இல் வந்த 23 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் மிகச் சிறந்தது, ஆனால் 375 கிராம். நீங்கள் சுமக்கத் தயங்கும் ஜூமைவிடவும் கனம். அதை வாங்கினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவீர்கள். பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்றால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் 35 மி.மீ. எஃப் 2-இலேயே தெளிவாக விழும் பகுதி ஏறத்தாழ 15 செ.மீ. ஆழம்தான் இருக்கும். கண்ணும் காதும் தெளிவாக விழுந்து பின்சுவர் கரைந்துபோக அது போதும். குழந்தை ஒருமுறை முன்னால் சாய்ந்தாலே அந்த 15 செ.மீ. தாண்டிவிடும், இதைவிட மெல்லிய ஆழம் குழந்தைப் படங்களில் பெரும்பாலும் இழப்பையே தரும். 23 மி.மீ. எஃப் 2-இல் அதே தூரத்தில் இந்த ஆழம் இருமடங்குக்கும் மேல் என்பதால் தவறும் படங்கள் குறையும்.

23 எஃப் 2 லென்ஸின் ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது 22 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் எஃப் 2-இல் எடுத்தால் படத்தின் மேல் மெல்லிய பால்படலம் படர்ந்ததுபோல் இருக்கும். லென்ஸில் கோளாறு என்று எண்ணித் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. எஃப் 4-க்கு மாற்றினால் அந்தப் படலம் முற்றிலும் விலகிவிடும். ஒரு மீட்டருக்கு அப்பால் எஃப் 2-இலும் இந்தத் தொந்தரவு இல்லை. அத்துடன், இந்த லென்ஸால் குழந்தையின் முகத்தை ஓரடி தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அது லென்ஸின் குற்றமல்ல, நெருக்கத்தின் விளைவு. நம் கண்ணும் அந்தத் தூரத்தில் அப்படியே பார்க்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

ஜூமை விற்க வேண்டாம். அதில் அசைவைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. நீங்கள் கேட்ட மூன்று பிரைம்களிலும் அது இல்லை, உங்கள் கேமரா உடலிலும் இல்லை. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இரவில் அடுப்படியில் அம்மா தோசை வார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூமை 35-இல் வைத்தால் ஏறத்தாழ எஃப் 3.6 வரைதான் துளை திறக்கும், ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவை 3200-இல் வைத்தால் ஷட்டர் வேகம் 1/40 நொடி என்று காட்டுகிறது. உங்கள் கை நடுங்குவதை லென்ஸ் சரிசெய்துவிடும். சுவரும் அடுப்பும் தெளிவாக விழும். ஆனால் தோசைக்கல்லில் சுழலும் கரண்டியும் அதைப் பிடித்த கையும் இழுபட்டுப்போகும். எஃப் 2 பிரைமில் மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம் வருவதால் அதே இடத்தில் 1/125 நொடி கிடைக்கும். கரண்டி நிற்கும், மாவு விளிம்பில் வெந்து எழும் சிறு துளைகள்கூடத் தெரியும். ஆக, அசையாத மண்டபத் தூண்களுக்கு இருட்டிலும் ஜூமே மேல். அசையும் மனிதர்களுக்குப் பிரைம். திருமணம், கோயில் திருவிழா, தள்ளி நின்றே எடுக்க வேண்டிய பள்ளி மேடை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கும் ஜூம் உதவும். இன்னும் இரண்டு ஆண்டில் உங்கள் மகள் அந்த மேடையில் ஏறிவிடுவாள்.

பயணத்தில் 23 மி.மீ. லென்ஸுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் துளையை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸைக் கையால் மூன்றேகால் மீட்டரில் நிறுத்திவிட்டால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து தொடுவானம் வரை அனைத்தும் தெளிவாக விழும். அதன்பின் ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. ரயில் ஒரு நிமிடம் மட்டும் நிற்கும் சிறு நிலையத்தில், கதவோரம் நின்றபடி தேநீர்த் தூக்குடன் ஓடிவருபவரை எடுக்க இதைவிட நம்பகமான முறையை நான் அறியேன். ஆட்டோஃபோகஸ் அவர் முகத்தைத் தேடுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும்.

இரண்டாவது பிரைம் வாங்கும் எண்ணம் பின்னாளில் வந்தால், முதல் லென்ஸின் குவியத் தூரத்தைப்போல் இருமடங்கு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 23-க்கு அடுத்து 200 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 2 பொருந்தும். 23 வைத்திருப்பவர் 27-ஐயும் வாங்குவது ஒரே அளவில் இரண்டு கரண்டி வாங்குவது போன்றதுதான். வேறு நிறுவனக் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால், முழு அளவு சென்சாருக்கு நிக்கான் இசட் 40 மி.மீ. எஃப் 2, 120 கிராமே உள்ள கேனன் ஆர்.எஃப். 28 மி.மீ. எஃப் 2.8, சோனியின் 40 மி.மீ. எஃப் 2.5 ஆகியவற்றையும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் சிறிய சென்சார் கேமராக்களுக்கு பானசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7-ஐயும் சொல்லலாம். தூரக் கணக்கு அங்கும் இதேதான், 23.5-க்குப் பதிலாக முழு அளவு சென்சாருக்கு 36 என்றும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 17.3 என்றும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. நம் தட்பவெப்பத்தில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. என்னுடைய 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை அழகான தோலுறையில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருந்தேன்; ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது முன்கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள் கிளைத்திருந்தன. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. விலையுயர்ந்த உலர்பெட்டி இல்லாவிட்டாலும், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும், சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், சிறிய ஈரப்பத அளவியும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். பயன்படுத்திய லென்ஸ் வாங்கும்போதும் இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். அந்த நூல்கள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பயணத்தில் குளிரூட்டிய அறையிலிருந்தோ ரயில் பெட்டியிலிருந்தோ வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கண்ணாடியில் நீர் பூத்துவிடும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விட்டு, அதன்பின் எடுங்கள். 23, 35 இரண்டுக்கும் ஃபில்டர் அளவு 43 மி.மீ. என்பதால், எதை வாங்கினாலும் ஒரே காப்புக் கண்ணாடியை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். கடற்கரைக்குப் போகும் நாளில் மட்டும் அதை மாட்டிக்கொண்டால் போதும்.